கழித்தபின் மிஞ்சும் வளைகோடு

நியூட்ரானைக் கண்டால் விழுங்கிவிடுவது போரானின் இயல்பு. அதனால்தான் அணு உலைகளை அடக்கவும் அவசரத்தில் நிறுத்தவும் உலகெங்கும் போரானை நம்புகிறார்கள். அந்தப் போரானைப் பெரும்பங்காகக் கொண்ட ஒரு கண்ணாடியைப் பொடித்து, நியூட்ரான் கற்றையின் நடுவே நிறுத்தி, சிதறி வரும் நியூட்ரான்களை எண்ணி, கண்ணாடிக்குள் அணுக்கள் எவ்வளவு தூரத்தில் அமர்ந்திருக்கின்றன என்று அளப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வாக இருந்தது. திருடனிடமே சாவியைக் கொடுத்துக் கணக்குக் கேட்பதைப் போன்ற வேலை அது என்று முதல் நாளே என்னை எச்சரித்தார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

செம்பூரில் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்தேன். பெரியப்பா திருநெல்வேலியிலிருந்து இளம் வயதில் பம்பாய்க்கு வந்தவர்; ஆய்வகங்களுக்கான கண்ணாடிக் கருவிகளை ஊதிச் செய்யும் ஒரு சிறு பட்டறையில் வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்தவர். எனக்குக் கண்ணாடி அறிமுகமானது பாடப்புத்தகத்தில் அல்ல, அவருடைய சுடரின் முன்னால்தான். ஒரு குழாயைக் கையில் எடுத்ததும் விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். பச்சையோடினால் சோடாக் கண்ணாடி. நிறமில்லாமல் இருந்து, வெறும் காற்றுச் சுடருக்கு இளகாமல் ஆக்சிஜன் கலந்த சுடரைக் கேட்டால் போரோ, அதாவது போரோசிலிகேட் கண்ணாடி. அதைப் பட்டறையில் ‘மூணு பாயிண்ட் மூணு’ என்பார்கள். ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஒரு மீட்டர் நீளம் 3.3 மைக்ரோமீட்டர் மட்டுமே விரிகிறது என்பது அதன் பொருள். சாதாரண சோடாக் கண்ணாடி ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் விரியும். “சிலிக்காவுக்குள்ள கொஞ்சம் போரானைப் போட்டதுக்கு எதுக்கு ஏட்டி இம்புட்டு மாத்தம்?” என்று அவர் ஒருமுறை கேட்டார். விரிவைப் பற்றிய அந்தக் கேள்விக்கு நான் முழு விடை கண்டுவிடவில்லை. ஆனால் கண்ணாடிக்குள் போரான் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்விக்கு என்னைத் தள்ளிவிட்டது அதுதான். சிலிக்காவின் சிக்கலை ஒதுக்கிவைத்து, சோடியமும் போரானும் ஆக்சிஜனும் மட்டுமே உள்ள சோடியம் போரேட் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடிக்குள் ஒழுங்கே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். அது பாதி உண்மைதான். சிக்காகோவில் பணியாற்றிய நார்வேக்காரர் வில்லியம் ஜக்கரியாசென் 1932-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு தெளிவு கிடைத்தது. கண்ணாடியை உண்டாக்கும் ஆக்சைடுகளில், நடு அணுவைச் சுற்றி மூன்று அல்லது நான்கு ஆக்சிஜன்கள்தான் இருக்கும். ஓர் ஆக்சிஜன் இரண்டு நடு அணுக்களுக்கு மேல் இணைக்காது. இந்தச் சிறு வடிவங்கள் மூலையோடு மூலை மட்டுமே சேரும், பக்கத்தோடு பக்கம் சேராது என்று அவர் வகுத்தார். அருகில் கட்டுப்பாடு உண்டு, தொலைவில் இல்லை என்பதே இதன் சாரம்.

மாட்டுங்காவின் பூக்கடைகளில் நெருக்கமாகத் தொடுத்த மல்லிகைச் சரத்தைக் கூடைக்குள் குவித்துப் போட்டிருப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு பூக்களுக்கு இடையிலான தூரத்தை நார் முடிச்சு தீர்மானித்துவிட்டது. அது சரம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று விட்டு அடுத்த பூவின் தூரம் நார் வளைவதைப் பொறுத்துச் சற்றே மாறும். பத்தாவது பூ எங்கே கிடக்கிறது என்பதைக் கூடையைப் பார்த்தும் சொல்ல முடியாது. கண்ணாடிக்குள் இருக்கும் ஒழுங்கு ஏறக்குறைய இந்த வகை. இந்த உவமை ஓரிடத்தில் உடைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்: சரத்தில் ஒரு பூவுக்கு இரண்டு பக்கத்துப் பூக்கள்தான், போரானுக்கோ மூன்று பக்கமும், சில வேளை நான்கு பக்கமும் முடிச்சுகள் உண்டு. அதனால் அது சரமாக இல்லாமல் வலையாக இருக்கிறது.

ஜக்கரியாசென் கட்டுரை எழுதிய அதே 1932-இல்தான் இங்கிலாந்தில் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார் என்பது ஒரு தற்செயல். இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு இடையில் எக்ஸ்-கதிர்கள் இருந்தன. படிகமல்லாத பொருளில் எக்ஸ்-கதிர் சிதறினால் கூர்மையான புள்ளிகளுக்குப் பதில் மங்கிய வளையங்கள் கிடைக்கும். அந்த மங்கலையும் அளந்தறியலாம் என்ற எண்ணத்துக்கு நம்மவர் பங்கும் உண்டு. திரவங்களில் எக்ஸ்-கதிர் சிதறுவதைப் பற்றி சி. வி. ராமனும் கே. ஆர். ராமநாதனும் 1923-லேயே எழுதியிருக்கிறார்கள். சோடியம் போரேட் கண்ணாடியை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, சோடியம் சேரச் சேர மூன்று ஆக்சிஜன் கொண்ட போரான்களில் ஒரு பகுதி நான்கு ஆக்சிஜன் கொண்டதாக மாறுகிறது என்ற முடிவை பிஸ்கோவும் வாரனும் 1938-இல் வெளியிட்டார்கள். பின்னர் ஃபிலிப் பிரே காந்த ஒத்ததிர்வு முறையில் நான்கு ஆக்சிஜன் கொண்ட போரான்களை நேரடியாக எண்ணிக் காட்டினார். நூறு மூலக்கூற்றில் சோடியம் ஆக்சைடு 20 என்றால், 20-ஐ மீதி 80-ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.25 பங்குப் போரான்கள் நான்கு ஆக்சிஜன் கொண்டவை. சோடியம் ஆக்சைடு ஏறத்தாழ 30 ஆகும்வரை இந்த எளிய வாய்பாடு பொருந்துகிறது.

அப்படியானால் நியூட்ரான் எதற்கு என்று என் வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. காந்த ஒத்ததிர்வு எண்ணிக்கையைச் சொல்கிறது. தூரங்களை நேரடியாகத் தருவதில்லை. எக்ஸ்-கதிர் தூரத்தைச் சொல்கிறது. ஆனால் அது எலக்ட்ரான்களைப் பார்ப்பதால், அணுவில் எலக்ட்ரான் குறைந்தால் அதன் பார்வையும் மங்கும். எங்கள் கண்ணாடியில் போரானுக்கு 5 எலக்ட்ரான், ஆக்சிஜனுக்கு 8, சோடியத்துக்கு 11. யாரைப் பார்க்க வந்தோமோ அவர்தான் வரிசையில் கடைசி. நியூட்ரானோ எலக்ட்ரான்களைப் பொருட்படுத்தாமல் அணுக்கருவில் மோதிச் சிதறுகிறது. அந்தச் சிதறலின் வலிமையைச் ‘சிதறல் நீளம்’ என்ற அளவால் குறிப்பார்கள். போரான்-11 ஐசோடோப்புக்கு அது 6.65 ஃபெம்டோமீட்டர், ஆக்சிஜனுக்கு 5.80, சோடியத்துக்கு 3.63. வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. மேலும், அணுக்கரு மிகச் சிறிய புள்ளி என்பதால், நியூட்ரான் எவ்வளவு பெரிய கோணத்தில் சிதறினாலும் அந்த வலிமை குறைவதில்லை. எக்ஸ்-கதிரில் கோணம் கூடக் கூட அது தேய்ந்துகொண்டே போகும். இப்படிச் சிதறிய அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து காட்டும் விளைவைப் பாடநூல்கள் ‘விளிம்பு விளைவு’ என்று எழுதும்; அதை நாங்கள் ஆய்வகத்தில் டிஃப்ராக்‌ஷன் என்றே சொல்வோம். விளிம்பு எங்கும் இல்லாத ஒரு பொடியைப் பற்றிப் பேசும்போது அந்தத் தமிழ்ச் சொல் எனக்கு எப்போதும் சற்று இடறும்.

டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குள் இருக்கும் துருவா உலை 1985 ஆகஸ்ட் மாதம் இயங்கத் தொடங்கியது. 100 மெகாவாட் திறன். இயற்கை யுரேனியம்தான் எரிபொருள். கனநீர் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கிறது, அதுவே உலையைக் குளிர்விக்கவும் செய்கிறது. உலைக்குள் ஒரு சதுர சென்டிமீட்டரை ஒரு நொடியில் கடக்கும் வெப்ப நியூட்ரான்களின் எண்ணிக்கை உச்சத்தில் 1.8 × 10¹⁴. இந்தியாவில் நியூட்ரான் சிதறல் ஆய்வு இதற்கு வெகு முன்பே, 1956-இல் இயங்கத் தொடங்கிய அப்சரா உலையோடு தொடங்கிவிட்டது. அதை முன்னெடுத்த பி. கே. ஐயங்கார், கனடாவின் சாக் ரிவரில் பெர்ட்ராம் பிராக்ஹவுஸிடம் பணியாற்றித் திரும்பியவர். அந்த பிராக்ஹவுஸுக்கும் அமெரிக்காவின் கிளிஃபோர்ட் ஷல்லுக்கும் 1994-இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. தாமதம்தான்.

பல்கலைக்கழக மாணவர்கள் இந்த உலையின் கருவிகளைப் பயன்படுத்துவதற்கென்றே பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு ஒன்றின் மையம் மும்பையில் இருக்கிறது. அந்த வழியாகத்தான் எனக்கு பீம் டைம், அதாவது நியூட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் நேரம், கிடைத்தது. கண்ணாடிக்கும் திரவத்துக்கும் உரியது அங்குள்ள ஹை-கியூ டிஃப்ராக்டோமீட்டர். உலையிலிருந்து வரும் நியூட்ரான்களில் 0.783 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் ஒரு சென்டிமீட்டரில் பத்து கோடியில் ஒரு பங்கு) அலைநீளம் கொண்டவற்றை மட்டும் ஒரு செம்புப் படிகம் பொறுக்கியெடுத்து அனுப்புகிறது. ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் ஓடும் நியூட்ரான்கள் அவை. அலைநீளம் சிறிதாக இருப்பது ஏன் முக்கியம் என்றால், கியூ என்று நாங்கள் குறிக்கும் அளவு, அதாவது சிதறல் கோணத்தையும் அலைநீளத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு, எவ்வளவு உயரம்வரை எட்டுகிறதோ அவ்வளவுக்கு அணுத் தூரங்களைப் பிரித்தறியலாம். இந்தக் கருவியில் அது ஏறத்தாழ 15 வரை எட்டும். இந்த 15 என்ற எண்ணைப் பற்றிப் பின்னால் வருத்தப்படவேண்டி வரும்.

முதலில் போரான். இயற்கைப் போரானில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போரான்-10, மீதி போரான்-11. விழுங்குவது முன்னதுதான். இயற்கைப் போரானின் சராசரி உட்கவர்தல் 767 பார்ன் (நியூட்ரானுக்கு ஓர் அணுக்கரு காட்டும் பரப்பின் அலகு) என்று அட்டவணைகள் சொல்லும், அது 1.8 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான்களுக்கான எண். எங்கள் நியூட்ரான்கள் வேகமானவை என்பதால் அது 334 பார்னாகக் குறையும். குறைந்தும் பயனில்லை. தூய போரான் ஆக்சைடுக் கண்ணாடியின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால், ஒரு மில்லிமீட்டர் தடிமனைக் கடப்பதற்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நியூட்ரான்கள் காணாமற்போகும். எங்கள் மாதிரிக் குழாயின் விட்டம் 6 மில்லிமீட்டர். ஆகவே இயற்கைப் போரானில் செய்த கண்ணாடியை வைத்தால், மாதிரியின் தோல் மட்டும் பேசும், உள்ளே இருப்பது வாய் திறக்காது. போரான்-11 செறிவூட்டிய போரிக் அமிலத்தை வாங்கினோம். 99 சதவீதம் போரான்-11 என்றாலும் மிச்சமிருக்கும் ஒரு சதவீதம் தன் வேலையைக் காட்டத்தான் செய்யும். ஆனால் விழுங்கல் இருபதில் ஒரு பங்காகிவிடுகிறது. அதன் விலையைக் கேட்ட பெரியப்பா, “தங்கத்தை உருக்குத மாதிரில்லா உருக்கணும்” என்றார். பிளாட்டினம் மூசையில்தான் உருக்கினோம். ஆகையால் அவர் சொன்னது மிகை ஒன்றுமில்லை.

சோடியம் கார்பனேட்டையும் அந்த அமிலத்தையும் கலந்து, மெல்ல மெல்ல வெப்பத்தை ஏற்றி, நீரும் கரியமில வாயுவும் பொங்கி வெளியேறியபின் 1000 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்கி, இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே ஊற்றி அழுத்திக் குளிர்வித்தால், மெல்லிய தெளிந்த வில்லைகள் கிடைக்கும். நான் அதைச் செய்தது ஜூலையில். மும்பையின் ஜூலையைப் பற்றி மும்பைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அலமாரிக்குள் மடித்துவைத்த துணியே நனைந்ததுபோல் இருக்கும் மாதம். போரான் மிகுந்த கண்ணாடிக்கு நீர் என்றால் அப்படியொரு பிரியம். வில்லையின் மேல் இரண்டொரு நாளில் வெண்மையாகப் பூத்துவிடும். அதனால் அதை டெசிகேட்டர் என்ற, ஈரம் புகாமல் மூடிய கலனில்தான் வைத்தேன். ஆனால் டெசிகேட்டருக்குள் இருந்த சிலிக்கா ஜெல் நீலம் மாறி இளஞ்சிவப்பாகியிருந்ததை, அதாவது இனி ஈரத்தை உறிஞ்ச அதற்கு இடமில்லை என்று அது நிறம் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை, நான் கவனிக்கவில்லை. வில்லை உடைபட்டுப் பொடியானதும் ஈரம் பிடிக்கும் பரப்பு பல நூறு மடங்கு கூடியது. அந்தப் பொடியைத்தான் குழாயில் நிரப்பி டிராம்பேக்கு எடுத்துச் சென்றேன்.

குழாய் வனேடியத்தால் ஆனது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் உலோகம் அது. வனேடியம் அணுக்கருவின் சராசரிச் சிதறல் நீளம் ஏறக்குறைய பூஜ்யம். நியூட்ரான்களை அது எல்லாத் திசைகளிலும் ஒரேபோலத் தெறிக்கவிடுமே தவிர, தன் அணு ஒழுங்கின் அடையாளம் எதையும் பெரும்பாலும் விட்டுவைக்காது. வேறு உலோகத்தில் குழாய் செய்தால், அந்த உலோகத்தின் படிக உச்சங்கள் கண்ணாடியின் மெல்லிய குரலை அமுக்கிவிடும். அதே காரணத்தால் ஒரு திண்ம வனேடியத் தண்டு எங்களுக்கு அளவுகோலாகவும் பயன்படுகிறது: எண்ணப்பட்ட நியூட்ரான்களை உண்மையான சிதறல் அளவாக மாற்ற அதை வைத்துத்தான் ஒப்பிடுவோம்.

என் வேலையின் உண்மையான சுமை இங்கிருந்துதான் தொடங்கியது. நியூட்ரான் டிஃப்ராக்‌ஷன் என்றால் அளத்தல் என்று நினைத்துப் போனேன். அது பெரும்பாலும் கழித்தல். மாதிரியும் குழாயும் இல்லாத வெறும் கருவியை ஓட்டி அதன் பின்னணியை எண்ண வேண்டும். வெற்றுக் குழாயை வைத்து எண்ண வேண்டும். வனேடியத் தண்டை வைத்து எண்ண வேண்டும். இவற்றுக்கிடையில்தான் மாதிரிக்கு இடம். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு நாளுக்குக் குறையாமல் கற்றையைக் கொடுத்தோம். பிறகு வெற்றுக் குழாயின் எண்ணிக்கையை மாதிரியின் எண்ணிக்கையிலிருந்து கழிக்க வேண்டும். ஆனால் அப்படியே கழித்தால் தவறு, ஏனென்றால் உள்ளே மாதிரி இருக்கும்போது குழாயின் பின்சுவரிலிருந்து வரும் நியூட்ரான்களில் ஒரு பகுதியை மாதிரியே தடுத்துவிடுகிறது. அந்தத் தடுப்பைக் கணக்கிட்டுக் குறைத்துக் கழிக்க வேண்டும். மாதிரிக்குள் இருமுறை சிதறியவற்றைக் கழிக்க வேண்டும். மோதும்போது அணுக்கரு சற்றே பின்னுக்குப் போவதால் வரும் சரிவைக் கழிக்க வேண்டும். இலேசான அணுக்களில் இது பெரிது. ஒவ்வொரு கழித்தலும் அதற்கு முந்தைய கழித்தலின் பிழையைச் சுமந்துகொண்டு வரும். எங்கள் குழுவின் மூத்த ஆய்வாளர் ஒருவர், “கழிச்சதுக்கு அப்புறம் கோடு அழகா இருந்தா சந்தேகப்படும்மா” என்பார்.

என் முதல் கோடு அழகாக இல்லை. கியூ கூடக் கூடக் கிடைநிலையில் நிற்கவேண்டிய வளைகோடு வலப்பக்கம் சரிந்துகொண்டே போயிற்று. அதைத் தூரங்களின் கோடாக மாற்ற ஃபூரியர் மாற்றம் செய்தபோது, அணுக்களே இருக்க முடியாத 1 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்றுக் கீழே ஒரு பள்ளம் தெரிந்தது. கியூ 15-உடன் அளவீடு சட்டென நின்றுவிடுவதால், ஃபூரியர் மாற்றத்தில் பொய்யான அலைகள் எழுவது வழக்கம். இதுவும் அப்படி ஒன்று என்று முதலில் தள்ளிவிட்டேன். பொய் அலைக்கு ஒரு சோதனை உண்டு. அளவீட்டை 15-இல் நிறுத்தாமல் 13-இல் வெட்டினால் பொய் அலை இடம் பெயரும். உண்மையான உச்சம் அகலுமே தவிர இடம் பெயராது. வெட்டிப் பார்த்தேன். அந்தப் பள்ளம் நகரவில்லை.

விடை ஹைட்ரஜன். ஆக்சிஜனோடு சேர்ந்த ஹைட்ரஜனின் தூரம் 0.97 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும். ஹைட்ரஜன் அணுக்கருவின் சிதறல் நீளத்துக்குக் குறி எதிர்மறை: −3.74 ஃபெம்டோமீட்டர். ஆகவே அந்த இணை உச்சமாகத் தெரியாமல் பள்ளமாகத் தெரியும். அதே ஹைட்ரஜன்தான் 80 பார்ன் அளவுக்கு ஒழுங்கற்ற சிதறலைக் கொட்டி, முழுக் கோட்டையும் சரியவைத்தது. கருவியில் ஒரு பிழையும் இல்லை. மும்பையின் மழைக்காலத்தை என் மாதிரி குடித்திருந்தது. கருவி அதைக் கண்டு சொல்லியிருந்தது. பல நாள் பீம் டைம் என் கவனக்குறைவால் வீணாயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னபோது பெரியப்பா அதிகம் பேசவில்லை. அவர் எழுந்து போய்த் தன் பழைய பெட்டியிலிருந்து, பட்டறையில் கண்ணாடிக் குழாய்களை வெயிலில் காயவைத்த நாட்களில் பயன்படுத்திய ஒரு தகரப் பெட்டியை எடுத்து வைத்தார். “உருக்கினதை ஆறதுக்குள்ள இதுல போட்டு மூடிரு” என்றார்.

செறிவூட்டிய போரானை எறிய முடியுமா? அதே பொடியை மீண்டும் மூசையில் உருக்கி, நீரை விரட்டி, எடை பார்த்து, அடர்த்தியை மீண்டும் அளந்தேன். நீரில் கரையும் கண்ணாடி என்பதால் நீருக்குப் பதில் சைலீன் என்ற திரவத்தில் மூழ்கடித்து அளப்போம். இந்த அடர்த்தி அளவீட்டைக் கட்டுரைகளில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். முழு விடையும் அதன் தோளில்தான் நிற்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

சரியான கோட்டில் முதல் உச்சம் போரானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான தூரம். மூன்று ஆக்சிஜன் கொண்ட போரானில் அது 1.37 ஆங்ஸ்ட்ராம், நான்கு கொண்டதில் 1.47. இரண்டும் இருக்கும் கண்ணாடியில் இரண்டு உச்சங்கள் தெரிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு கருவி எவ்வளவு நெருங்கிய தூரங்களைப் பிரிக்கும் என்பதை, 3.8-ஐ அதன் உச்ச கியூவால் வகுத்து அறியலாம். 15-ஆல் வகுத்தால் 0.25. எங்களுக்கு வேண்டிய இடைவெளியோ 0.10. ஆகவே துருவாவில் அவை ஒரே உச்சமாகத்தான் வரும். இங்கிலாந்தின் ஐசிஸ் துடிப்பு நியூட்ரான் மூலத்தில் கியூ 40-க்கும் மேல் எட்டும் கருவி உண்டு; அங்கே இந்த இரட்டையைப் பிரித்தெடுக்கலாம். எனக்கு வாய்த்தது டிராம்பே. இங்கே இரட்டையைப் பார்க்க முடியாது. அதன் நிழலைப் பார்க்கலாம். 20 சதவீதச் சோடியம் ஆக்சைடில், பிரேயின் வாய்பாட்டின்படி முக்கால் பங்குப் போரானுக்கு மும்மூன்று பிணைப்பும், கால் பங்குக்கு நந்நான்கும் என்றால், சராசரித் தூரம் 1.37-லிருந்து 1.40-க்கு நகர வேண்டும். உச்சத்தின் பரப்பு, அதாவது ஒரு போரானைச் சுற்றியுள்ள ஆக்சிஜன்களின் எண்ணிக்கை, 3-லிருந்து 3.25-க்கு ஏற வேண்டும்.

இடம் சரியாக வந்தது. பரப்புதான் அச்சம் தந்தது. அடர்த்தியிலோ வனேடிய ஒப்பீட்டிலோ ஐந்து சதவீதம் பிழை நேர்ந்தால் 3.25 என்பது 3.09 ஆகவோ 3.41 ஆகவோ மாறிவிடும்; முதல் எண்ணை நம்பினால் சோடியம் சேர்த்தும் ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை என்று எழுத வேண்டியிருக்கும். நான் ஆய்வில் தேடிய விளைவு முழுவதும் அந்த ஐந்து சதவீதத்துக்குள் அடங்கிவிடக்கூடியது. அதற்குப் பிறகு சைலீன் அளவீட்டை நான் ஒருமுறை செய்து நிறுத்தியதே இல்லை.

இரண்டாவது உச்சத்தில் பள்ளிக்கூட வடிவியல் போதும். மூன்று ஆக்சிஜன்கள் சமபக்க முக்கோணமாக நின்றால், இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையிலான தூரம் 1.37-இன் 1.732 மடங்கு: 2.37. நான்காகி நான்முகியாக நின்றால் 1.47-இன் 1.633 மடங்கு: 2.40. தூய போரான் ஆக்சைடில் இதற்கு அப்பால் 2.74-இன் அருகில் இன்னொரு மேடு வரும். மூன்று போரானும் மூன்று ஆக்சிஜனும் மாறி மாறிச் சேர்ந்த அறுகோண வளையம் ஒன்றைக் கற்பனை செய்தால், எதிரெதிர் முனைகளில் இருக்கும் போரானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடைத்தூரம் 1.37-இன் இரண்டு மடங்கு, அதாவது 2.74. பொராக்சால் என்று பெயர் கொண்ட இந்த வளையம், ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலையிலும் 808 என்ற அலையெண்ணில் கண்ணாடிக்குச் சற்றும் பொருந்தாத கூர்மையோடு தலைகாட்டும். சோடியம் சேரச் சேர அது தேயும். ஒழுங்கில்லாத கண்ணாடிக்குள் இவ்வளவு ஒழுங்கான வளையம் எத்தனை என்பதில் பல பத்தாண்டுகளாக வாதம் நடந்தது. கணினியில் உருவாக்கிய மாதிரிகள் நெடுங்காலம் மிகக் குறைவான வளையங்களையே காட்டிவந்தன. சோதனைகளோ பெரும்பான்மைப் போரான்கள் வளையத்தில்தான் இருக்கின்றன என்றன. சிதறல் கோட்டோடு மட்டும் பொருந்துமாறு அணுக்களைக் கணினியில் அங்குமிங்கும் நகர்த்தி ஒரு வடிவத்தைக் கட்டும் முறையை நானும் முயன்றேன். கோடு அழகாகப் பொருந்தியது, வளையம் ஒன்றிரண்டுதான் இருந்தது. வளையம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்கினால், அதுவும் அழகாகப் பொருந்தியது. கூடையின் எடையை மட்டும் பார்த்து உள்ளே எத்தனை மல்லிகை, எத்தனை முல்லை என்று சொல்ல முடியாதல்லவா?

ஓட்டம் முடிந்தும் மாதிரியை உடனே எடுத்துவர விடமாட்டார்கள். நியூட்ரானை ஏற்ற சோடியத்தில் ஒரு சிறு பங்கு கதிரியக்கச் சோடியம்-24 ஆகிவிடும். அதன் அரை ஆயுள் 15 மணி நேரம். அளந்து பார்த்து, அடங்கியதும்தான் கையில் கொடுப்பார்கள். அந்த நாட்களில் அட்டவணையை எழுதத் தொடங்கினேன். போரான்–ஆக்சிஜன் தூரம், எண்ணிக்கை, பிழை. ஆக்சிஜன்–ஆக்சிஜன் தூரம், எண்ணிக்கை, பிழை. அடுத்த வரி சோடியம்–ஆக்சிஜன். அந்தத் தூரம் 2.3-க்கும் 2.4-க்கும் இடையில் எங்கோ விழும் என்பது படிகங்களிலிருந்து தெரியும். அதாவது ஆக்சிஜன்–ஆக்சிஜன் உச்சத்தின் மடியிலேயே அது படுத்திருக்கிறது. நியூட்ரானுக்கு மூன்றிலும் பலவீனமாகத் தெரிவதும் சோடியம்தான். இரண்டு வளைவுகளை வைத்துப் பொருத்தினால் மென்பொருள் ஓர் எண்ணைத் தந்துவிடும். பொருத்தும் தொடக்க எண்ணை மாற்றினால் வேறோர் எண்ணைத் தந்துவிடும். ஒரு சோடியத்தைச் சுற்றியுள்ள ஆக்சிஜன்களின் எண்ணிக்கை ஒரு முறை 4.6, மறுமுறை 5.8.

ஆய்வேட்டின் அச்சுப் பிரதியைப் பெரியப்பா பக்கம் பக்கமாகப் புரட்டினார். வளைகோடுகளைத் தாண்டி அந்த அட்டவணையில் நின்றார்.

“இந்த ஒரு கட்டத்துல மட்டும் கோடு போட்டு வச்சிருக்கியே, என்ன?”

“அதை இதால அளக்க முடியலை பெரியப்பா. எக்ஸ்-ரே எடுத்து ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும். அதுக்குச் சோடியம் நல்லாத் தெரியும்.”

“அப்ப எடுக்கலையா?”

“எனக்கு நேரம் முடிஞ்சுபோச்சு. அடுத்து வந்திருக்கிற பையன் எடுக்கப்போறான். பொடி மிச்சம் இருக்கு, அவன்கிட்ட கொடுத்திருக்கேன்.”

“ஜெல்லு நீலமா இருக்கான்னு பார்க்கச் சொன்னியா?” என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.